அடுக்களையில் ஓர் ஆண்டு

மஞ்சளும் வெல்லமும் எள்ளும் கடலையும் கூப்பிடு தூரத்தில் விளைகின்றன. ஆனாலும் சேலம், நாமக்கல் வீடுகளின் சாமான் அறை வாரத்துக்கு வாரம் காலியாகிறது. இதில் நஷ்டம் யாருக்கு?

மாசி மாதத்துக் காலை. சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாருக்குள் காலை வைத்ததுமே தும்மல் வருகிறது. லாரியிலிருந்து மிளகாய் மூட்டை இறங்குகிறது. தோளில் துண்டைச் சும்மாடாக மடித்துப் போட்டுக்கொண்டு, "வழி... வழி..." என்று குரல் கொடுத்தபடி சுமைக்காரர்கள் ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள். ஒரு கடை வாசலில் குத்தூசி சாக்கில் இறங்குகிறது. அதன் குழிவு வழியே துவரம்பருப்பு உள்ளங்கையில் கொட்டுகிறது. வாங்க வந்த அம்மா இரண்டு பருப்பை எடுத்துக் கடித்துப் பார்க்கிறார். நறுக்கென்று உடைந்தால் காய்ந்த சரக்கு. பல்லில் ஒட்டினால் ஈரம்.

"புதுசுங்களா, போன வருசத்ததுங்களா?"

"புதுசுதாங்க்கா. வெயில்ல ஒரு நாள் காயப்போட்டு எடுத்து வையுங்க. அசையாது."

கடித்துப் பார்த்துப் பேரம் பேசி, மூட்டையாக வாங்கிப் போகிற இந்த வாடிக்கையாளர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதே ஊரின் தறிக்காரத் தெருக்களில் சனிக்கிழமை சாயங்காலம் வேறு காட்சி. பெட்டிக்கடை வாசலில் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், சாம்பார்ப்பொடி எல்லாம் சரம் சரமாகத் தொங்குகின்றன. கூலி வாங்கிய கையோடு வருகிறவர்கள் சரத்திலிருந்து நாலு பொட்டலம் கிழித்துக்கொண்டு போகிறார்கள். அடுத்த சனிக்கிழமை வரைக்கும் அவர்களுடைய சாமான் அறை அதுதான்.

வருஷச் சாமான் போடுவது பாட்டி காலத்துப் பழக்கம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது கச்சிதமான பணக் கணக்கு. அந்தக் கணக்கைக் கையில் காசு வைத்திருப்பவர் மட்டுமே போட முடிகிறது என்பதுதான் இன்றைய பிரச்சினை.

பட்டம் பார்த்து வாங்கு

இந்தச் சமவெளியில் சாமான் வாங்குவதற்கு ஒரு காலண்டர் உண்டு. தை, மாசியில் மஞ்சள். அதே சமயம் கர்நாடகத்திலிருந்து புதுத் துவரை. மாசி, பங்குனியில் புளி, மிளகாய், மல்லி. சித்திரை வெயிலில் வற்றல், வடகம், ஜவ்வரிசி வடாம். ஆடிப்பட்டத்தில் காட்டில் விதைத்த கடலைக்கொடியைக் கார்த்திகை வாக்கில் பிடுங்குவார்கள். அப்போது செக்கு சுற்ற ஆரம்பிக்கும். எந்தப் பொருள் எப்போது மலிவோ, எப்போது நன்றாகக் காய்ந்து வருமோ, அப்போது வாங்கி வைப்பது. விலை ஏறுகிற ஆவணி, புரட்டாசியில் கடைப்பக்கம் தலைகாட்டாமல் இருப்பது.

எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கவும் செய்தது. மஞ்சளுக்கு நாமகிரிப்பேட்டை, திருச்செங்கோடு. இரண்டு ஊரிலும் கூட்டுறவு விற்பனைச் சங்கங்களில் ஏலம் நடக்கிறது. விரலி, உருண்டை, பனங்காலி என்று மூன்று ரகமாகப் பிரித்து மூட்டை போடுவார்கள். வீட்டுக்குப் பொடிக்க விரலியைத்தான் கேட்பார்கள். திருச்செங்கோட்டில் எள்ளும் கொப்பரையும்கூட ஏலத்துக்கு வருகின்றன. வெல்லத்துக்குப் பரமத்தி வேலூர் பக்கத்துப் பிலிக்கல்பாளையம். நெய்க்கு ராசிபுரம். மிளகுக்குக் கொல்லிமலை. ஜவ்வரிசிக்கு ஆத்தூர், சேலம். முட்டைக்கு நாமக்கல் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அஞ்சறைப் பெட்டியில் வெளியூர்க்காரர்களும் இருக்கிறார்கள். சீரகம் குஜராத்திலிருந்து வருகிறது, கடுகு பெரும்பாலும் ராஜஸ்தானிலிருந்து. துவரைக்குக் கலபுரகி, நம் வியாபாரிகளின் வாயில் இன்னும் குல்பர்காதான். அந்தத் துவரைக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. உளுந்தில் ஒரு பங்கு மியான்மரிலிருந்து கப்பலில் வருகிறது. பெருங்காயத்தின் மூலப்பொருளான பிசின் ஆப்கானிஸ்தானிலிருந்து வருகிறது. ஆக, ஒரு குழம்புக்குள் பாதி உலகம் கொதிக்கிறது. ஆனால் அந்தக் குழம்பின் மஞ்சள், புளி, எண்ணெய், வெல்லம் நம் பக்கத்துக் காட்டிலிருந்து வர முடியும், வரவும் வேண்டும்.

ஏழைக்குத்தான் விலை அதிகம்

விசைத்தறிக் கூலி வாரக்கூலி. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் சேலத்துத் தறிப்பட்டறைகளிலும் இதுதான் முறை. வாரக்கூலிக்காரர் மாதச் சாமானே மொத்தமாக வாங்க முடியாது. வருஷச் சாமானுக்கு எங்கே போவார்? ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பொட்டலம்தான் கதி. பொட்டலத்தின் விலை வருஷக்கணக்கில் அதே ஐந்து ரூபாயாகவே நிற்கும். உள்ளே இருக்கும் கிராம் மட்டும் சத்தமில்லாமல் குறையும். பொட்டலத்தின் பின்பக்கத்தில் எடையைத் தேடிப் பிடித்து, கிலோவுக்கு எவ்வளவு ஆகிறது என்று ஒரு தடவை பெருக்கிப் பாருங்கள். மண்டியில் மூட்டை வாங்குகிறவர் கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டால் வயிறு எரியும்.

பெட்டிக்கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. பற்று நோட்டில் கடன் எழுதிக் கொடுத்து, தறி ஓடாத வாரங்களில் குடும்பங்களைக் காப்பாற்றுகிறவர் அவர்தான். 2020 மார்ச் ஊரடங்கில் தறிகள் நின்றபோது பெரிய கடைகள் ரொக்கம் கேட்டன. தெருமுனை மளிகைக்கடையில்தான் நோட்டு நீண்டது. ஆனால் பற்றுக்குக் கட்டுப்பட்டவருக்குக் கடை மாற்ற முடியாது, விலை கேட்கவும் வாய் வராது.

இதில் ரேஷன் கடை பெரிய தாங்குதல். தமிழ்நாட்டில் 2011 ஜூன் 1 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் இரண்டு கிலோ பருப்பு ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதில் பாதியை ரேஷன் தாங்கிவிடுகிறது. அந்தப் பாதி ஒரு மாதம் தவறினால் என்னவாகும் என்பதை 2024 மே மாதத்தில் பார்த்தோம். பருப்பும் பாமாயிலும் வரத் தாமதமானது. மே மாதத்துப் பங்கை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு சொன்னது. சாமான் அறையில் நாலு கிலோ இருப்பு வைத்திருந்தவருக்கு அது செய்தித்தாள் செய்தி. இல்லாதவருக்கு ரசமும் துவையலுமாக ஒரு மாதம்.

> பெட்டிச் செய்தி: 26 கிலோ மூட்டை எப்படி வந்தது?
> 2022 ஜூலை 18 முதல், பை கட்டி லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆனால் 25 கிலோவுக்கு மேற்பட்ட பைக்கு அது இல்லை. உடனே அரிசி ஆலைகள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தன. சாக்கிலிருந்து அளந்து கொடுக்கும் சில்லறைச் சரக்குக்கும் வரி இல்லை. மூட்டை வாங்குபவர் வரியிலிருந்து தப்பினார். ஒரு கிலோ பாக்கெட் வாங்குபவர் வரி கட்டுகிறார். நெய், வெண்ணெய்க்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது.

செக்கடியில் ஒரு பெருக்கல்

எண்ணெயில்தான் இன்றைக்கு ஏமாற்றம் அதிகம். ஊருக்கு ஊர் 'மரச்செக்கு' பலகை தொங்குகிறது. நல்ல செக்கும் உண்டு, பலகை மட்டும் உள்ளதும் உண்டு. பிரித்தறிய ஆய்வுக்கூடம் வேண்டாம், பெருக்கல் போதும்.

செக்கில் ஒரு லிட்டர் கடலையெண்ணெய் எடுக்கச் சுமார் இரண்டேகால் முதல் இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு தேவை. இன்றைய நிலக்கடலைப் பருப்பு விலையை அதனால் பெருக்குங்கள். ஆட்டுக்கூலியைக் கூட்டுங்கள். பிண்ணாக்கு விற்று வருவதைக் கழியுங்கள். வருகிற தொகைக்கும் வெகு கீழே ஒருவர் 'சுத்தமான செக்கெண்ணெய்' விற்கிறார் என்றால், அதற்குள் வேறு எண்ணெய் இருக்கிறது. நேரே கடலையை வாங்கிக்கொண்டு போய், ஆட்டும்போது பக்கத்திலேயே நின்று வாங்கி வருகிற வழக்கம் இன்னும் கிராமங்களில் இருக்கிறது. அதைவிட நல்ல சோதனை கிடையாது. நல்லெண்ணெய்க்கு எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டுவார்கள், வாசனையே சொல்லிவிடும்.

விலை ஏன் இப்படி ஆடுகிறது? இந்தியா தன் சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. 2024 செப்டம்பர் 14 அன்று கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்கள் மீதான அடிப்படைச் சுங்கவரியைப் பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமாக மத்திய அரசு உயர்த்தியது. 2025 மே இறுதியில் அது 10 ஆகக் குறைந்தது. டெல்லியில் போடும் கையெழுத்து எடப்பாடிக்காரர் வீட்டு வாணலி வரைக்கும் வந்து சேர இரண்டே வாரம் போதும். வரி ஏறினால் நம் கடலைக்காரருக்கும் எள்ளுக்காரருக்கும் கொஞ்சம் மூச்சு வரும். குறைந்தால் அவர்கள் பாடு திண்டாட்டம். கடலை விலை ஏறும்போது கோபப்படுகிற நாம் இதையும் நினைக்க வேண்டும்.

எண்ணெயை வருஷத்துக்கு வாங்கி வைக்காதீர்கள். இரண்டு மாதத்துக்கு மேல் வேண்டாம். வருஷத்துக்கு வைக்கலாம் என்றால் அது காய்ந்த எள்ளையும் கடலையையும்தான்.

வெளுத்ததெல்லாம் வெல்லமல்ல

பிலிக்கல்பாளையம் சந்தையில் வெல்லம் 30 கிலோ சிப்பமாக ஏலம் போகிறது. உருண்டை வெல்லம், அச்சு வெல்லம் இரண்டும் வரும். காவிரிக்கரைக் கரும்பு, ஆலைக்கொட்டகை, கொப்பரை, பாகு என்று ஒரு முழுத் தொழிலே அந்தச் சந்தையை நம்பியிருக்கிறது.

அந்தத் தொழிலுக்கு எமனாக வந்தது நம் கண். மஞ்சளாக, பளபளப்பாக இருந்தால்தான் வாங்குகிறோம். அதற்காக ஹைட்ரோஸ் என்ற வெளுப்பு ரசாயனத்தைப் பாகில் போடுகிறார்கள். சிலர் மலிவாக முடிக்கச் சர்க்கரையையும் கலக்கிறார்கள். சேலம், நாமக்கல் மாவட்ட ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதனை போட்டுச் சர்க்கரை மூட்டைகளைப் பறிமுதல் செய்வது பொங்கலுக்கு முன்னால் அடிக்கடி வரும் செய்தி. நேர்மையாகக் காய்ச்சுகிறவர் வெல்லம் கறுத்து இருக்கும். ஏலத்தில் அதற்குத்தான் விலை கம்மி. நல்லது செய்கிறவருக்கு நாமே அபராதம் போடுகிறோம்.

2022 பொங்கலுக்கு அரசு கொடுத்த 21 பொருள் தொகுப்பில் உருகி ஒழுகிய வெல்லத்தைப் பற்றி மாநிலம் முழுக்கப் புகார். அடுத்த ஆண்டுத் தொகுப்பில் வெல்லம் இல்லை, சர்க்கரைதான். ஒப்பந்தத்தில் நடந்த தவறுக்குக் கரும்புக்காரர் விலை கொடுத்தார். வெல்லத்தை மீண்டும் சேர்க்கச் சொல்லி விவசாயிகள் கேட்டார்கள். உள்ளூர்ச் சங்கங்கள் வழியாகச் சோதித்து வாங்கியிருந்தால் இரண்டு பக்கமும் பிழைத்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

வீட்டுக்கு வாங்கும்போது கறுத்த வெல்லத்தைக் கேளுங்கள். மழைக்காலத்தில் கசியும், காற்றுப் புகாத டப்பாவிலோ ஜாடியிலோ போட்டு உயரத்தில் வையுங்கள்.

வண்டுக்கு விளக்கெண்ணெய், பூஞ்சைக்குக் குப்பைத்தொட்டி

வாங்கி வைப்பது பாதி வேலை. காப்பாற்றுவது மீதி. முன்பு துவரையை ஊறவைத்து, செம்மண் குழைத்துக் கட்டி, காயவைத்துத் திருகையில் உடைப்பார்கள். அந்தப் பருப்பைப் புடைத்து எடுத்து, விளக்கெண்ணெய் தடவிப் புரட்டி வைத்தால் வண்டு முட்டை வைக்க இடமில்லாமல் வழுக்கும். ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். விளக்கெண்ணெய்க்கும் வெளியே போக வேண்டியதில்லை. ஆமணக்கு சேலம் மாவட்டத்தின் பழைய பயிர். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமே சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில்தான் இருக்கிறது.

அதே பல்கலைக்கழகம் வீட்டுக்கு ஏற்ற ஒரு பூச்சிப்பொறியையும் வடிவமைத்திருக்கிறது. ஓட்டை ஓட்டையாகத் துளையிட்ட குழாய். அடியில் ஒரு சேகரிப்புக் கிண்ணம். அரிசிப் பானையில் செருகி வைத்தால், காற்றோட்டத்தைத் தேடி ஊர்ந்து வரும் வண்டு துளை வழியே உள்ளே விழுந்துவிடும். ஏறி வர முடியாது. மருந்து இல்லை, மின்சாரம் இல்லை.

மருந்து என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். குடோனில் மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டு அரிசி டிரம்மில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் வாயுவைக் கக்கும். மூடிய அறையில் தூங்குகிறவர் உயிரை வாங்கிவிடும். மாற்று மருந்தும் கிடையாது. வீட்டுக்குள் அதற்கு இடமே இல்லை.

வண்டாவது கண்ணுக்குத் தெரியும், புடைத்து எடுக்கலாம். பூஞ்சை அப்படியல்ல. சரியாகக் காயாத கடலை, மிளகாய், சோளத்தில் வளரும் ஒரு வகைப் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமான நஞ்சு அது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுக்கப் போகாது. கடலையைக் கையில் எடுத்துக் குலுக்கினால் தோட்டுக்குள் கலகலவென்று ஆட வேண்டும். சுருங்கியது, பச்சை படர்ந்தது, கசப்பது எதையும் "காசு போட்டு வாங்கினோமே" என்று குழம்பில் சேர்க்கக் கூடாது.

> பெட்டிச் செய்தி: எதை, எவ்வளவு நாளைக்கு?
> *ஒரு வருஷம்:* விரலி மஞ்சள், கொட்டை எடுத்து உப்புப் போட்ட புளி, காய்ந்த மிளகாய், மிளகு, உப்பு, பழைய அரிசி.
> *ஆறு மாதம்:* பருப்பு வகைகள், மல்லி, ஜவ்வரிசி, வெல்லம்.
> *இரண்டு, மூன்று மாதம்:* அரைத்த பொடிகள், நெய். எண்ணெய் இரண்டு மாதம்தான். மாவு மில்லில் கொஞ்சமாக அரையுங்கள்.
> *உப்புக் கணக்கு:* ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நாலு பேருக்கு வருஷத்துக்கு ஏழரைக் கிலோகூட ஆகாது. அதற்கு மேல் தீர்ந்தால், பிரச்சினை இருப்பில் இல்லை, நாக்கில் இருக்கிறது. அயோடின் உப்பை வெயிலிலும் அடுப்பருகிலும் திறந்து வைக்கக் கூடாது.
> *முட்டை:* கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்குங்கள். கழுவி வைக்காதீர்கள். தண்ணீரில் போட்டால் புதிய முட்டை படுக்கும், பழையது நிமிரும்.
> *ரேஷன் அரிசி:* நூற்றுக்கு ஒன்றாகக் கலந்திருக்கும் வேறு நிற மணி, இரும்புச்சத்து ஏற்றிய செறிவூட்டப்பட்ட அரிசி. பொறுக்கி எறிய வேண்டாம்.

மலை இறங்கிய சாமை

வருஷச் சாமானின் பழைய பட்டியலில் சாமையும் தினையும் கேழ்வரகும் இருந்தன. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே அவைதான் சோறு. நன்றாகக் காய்ந்து உமியோடு வைத்தால் சிறுதானியம் வருஷக்கணக்கில் கெடாது. பஞ்சத்துக்கு வைத்த சொத்து அது.

அந்தக் காடுகளில் மரவள்ளி ஏறியது. காரணம் கீழே சமவெளியில் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் மலாயா ஜவ்வரிசி வராமல் நின்றபோது, 1943இல் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். அது பெரிய தொழிலாக வளர்ந்தது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு நிறுவனம் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வடநாட்டு விரதக் கிச்சடி வரைக்கும் நம் சரக்குதான். ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும், கிழங்குக்கு ரொக்கம் உண்டு, சாமைக்கு இல்லை. ரொக்கத்தைத் தேர்ந்த மலைக்காரரை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் முன்பு வீட்டில் விளைந்ததைத் தின்றவர் இப்போது கிழங்கு விற்ற காசில் கடை அரிசி வாங்குகிறார். கிழங்கு விலை விழுகிற வருஷம் அடுப்பும் சேர்ந்து அணைகிறது.

இன்னொரு காரணம் உரல். சாமையை உமி போகக் குத்துவது பெண்களின் தோளை முறிக்கும் வேலை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் உமி நீக்கும் இயந்திரங்களை வைத்து, மகளிர் குழுக்களை விற்பனையில் இறக்கியது அதனால்தான் பொருத்தமான தலையீடு. தானியத்தைச் சாப்பிடச் சொல்லிப் பிரசாரம் செய்வதைவிட, அதைக் குத்துகிற கையை விடுவிப்பது முக்கியம்.

பத்து வீடு, ஒரு சிப்பம்

திரும்பவும் சனிக்கிழமைக் கூலிக்கு வருவோம். மூட்டை விலையில் வாங்க வேண்டும். மூட்டை வாங்கக் காசில்லை, வைக்க இடமுமில்லை. தீபாவளிச் சீட்டு, மளிகைச் சீட்டு என்று மாதம் மாதம் கட்டி மொத்தமாகச் சாமான் வாங்கும் பழக்கம் இதற்கு மக்களே கண்ட வழி. ஆனால் சீட்டுப் பிடித்தவர் ஊரைவிட்டு ஓடிய கதைகள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு.

அதைவிட நம்பகமான ஏற்பாடு கையிலேயே இருக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழு இயக்கம் தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கி, அடுத்த சில வருஷங்களில் சேலத்துக்கு வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதி, கடன் கொடுத்து வாங்கிப் பழகிய குழுக்கள் இவை. ஒரு குழுவில் பன்னிரண்டு முதல் இருபது பேர். பத்து வீடு சேர்ந்தால் 30 கிலோ வெல்லச் சிப்பம் வீட்டுக்கு மூன்று கிலோ. 50 கிலோ பருப்பு மூட்டை வீட்டுக்கு ஐந்து கிலோ. எந்தச் சின்ன வாடகை வீட்டிலும் அந்த அளவுக்கு இடம் உண்டு. மண்டிக்கு இரண்டு பேர் போனால் போதும். பருப்பைக் கடித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர், பேரம் பேசத் தெரிந்த ஒருவர்.

குழுவின் உள்கடன் மாட்டுக்கும் கல்யாணத்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போகிறது. தை மாதத்தில் ஒரு முறை சாமானுக்கும் கொடுத்து, வாரம் வாரம் பொட்டலத்துக்குப் போகிற காசையே தவணையாகத் திருப்பி வாங்கலாம். ஏலம் நடத்தும் கூட்டுறவு விற்பனைச் சங்கங்கள் தங்கள் பங்குக்கு ஒன்று செய்ய வேண்டும். ஏலத்தில் வரும் மஞ்சளையும் எள்ளையும் பெரிய வியாபாரிக்கு மட்டும் விற்காமல், குழுக்களுக்கென்று பத்து மூட்டை ஒதுக்கி அன்றைய ஏல விலைக்கே கொடுக்கட்டும். நாமகிரிப்பேட்டையில் அடுத்த மஞ்சள் பட்டத்திலேயே இதைத் தொடங்கலாம். புதுக் கட்டடமோ புதுச் சட்டமோ இதற்குத் தேவைப்படாது. சங்க நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் போட்டால் போதும்.